முதல் .22 எது? ரூகர், ஹென்றி, சி.இசட். – ஓர் ஒப்பீடு

அமெரிக்காவில் கொஞ்சம் காலூன்றிவிட்ட தமிழ் நண்பர்கள் பலர் வார இறுதியில் இலக்குச் சுடுதலுக்குப் போக ஆசைப்படுகிறார்கள். அவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்வி: முதல் துப்பாக்கியாக எதை வாங்கலாம்? .22 ரிம்ஃபயர் ரைஃபிள்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எந்த .22 என்பதில்தான் பேச விஷயம் இருக்கிறது. கடையில் கேட்டால் அநேகமாக ரூகர் 10/22-ஐ எடுத்து மேஜைமேல் வைப்பார்கள். நல்ல துப்பாக்கிதான், மறுக்கவில்லை. ஆனால் நிதானமாகக் குறிபார்த்துச் சுடும் சுகத்துக்காக இதில் இறங்குகிறவருக்கு நான் போல்ட் ரைஃபிளைத்தான் சொல்வேன், அதாவது ஒவ்வொரு தோட்டாவுக்கும் குழலின் பின்பக்கத்தை மூடும் போல்ட்டைக் கையால் இழுத்துத் தள்ளும் வகை.

சட்ட விஷயத்தை முதலிலேயே சொல்லி முடித்துவிடுகிறேன். எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. ரேஞ்சில் வாடகைக்கு எடுத்துச் சுடுவதற்கும் இது பொருந்தும். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் உள்ளவர்களுக்கு என்பதுபோலச் சில விதிவிலக்குகள் உண்டு. வாட்ஸ்ஆப்பில் வந்த தகவலை நம்பாமல், வழக்கறிஞரிடம் கேட்டுவிட்டு அடுத்த அடி வையுங்கள், ஏனென்றால் இதில் சறுக்கினால் குடியுரிமைக் கனவே கெட்டுப்போகும். கிரீன் கார்டு உள்ளவர்கள் கடையில் 4473 என்ற படிவத்தை நிரப்பி, பின்னணிச் சரிபார்ப்பு முடிந்ததும் வாங்கலாம். அதற்கு மேல் ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனிச் சட்டம். இல்லினாயில் துப்பாக்கி வைத்திருப்போருக்கான ஃபாய்ட் அட்டை வேண்டும், நியூஜெர்சியில் துப்பாக்கி வாங்குவோருக்கான அடையாள அட்டை வேண்டும், கலிஃபோர்னியாவில் தோட்டா வாங்கவே சரிபார்ப்பு உண்டு. கனடாவில் உள்ள நம்மவர்களுக்கு ரைஃபிள் வாங்கவும் உரிமம் தேவை. கைத்துப்பாக்கியைப் புதிதாக வாங்குவது அங்கே 2022 அக்டோபர் முதல் முடக்கப்பட்டிருக்கிறது.

ஏன் ரிம்ஃபயர்?

ரிம்ஃபயர் தோட்டாவின் அடியைப் பார்த்தால் சுற்றிலும் மெல்லிய விளிம்பு மடிப்பு ஒன்று தெரியும். தீப்பற்ற வைக்கும் மருந்து அந்த மடிப்புக்குள்ளேதான் இருக்கிறது. துப்பாக்கியின் ஊசி விளிம்பை நசுக்கும்போது அது பற்றிக்கொள்கிறது. பெரிய தோட்டாக்களில் இந்த மருந்து நடுவில் தனிக் குப்பியாக இருக்கும். விளிம்பு நசுங்க வேண்டுமென்றால் பித்தளை மெல்லியதாக இருந்தாக வேண்டும், அதனால் உள்ளே அழுத்தத்தையும் அளவோடுதான் வைக்க முடியும். இந்தக் கட்டுப்பாடுதான் நமக்கு வரம். உதைப்பு அநேகமாக இல்லை, சத்தம் குறைவு, விலையும் குறைவு. இன்று நாம் சுடும் .22 லாங் ரைஃபிள் தோட்டா 1887-இல் ஸ்டீவன்ஸ் கம்பெனி கொண்டுவந்தது. அதன் வழக்கமான குண்டு 40 கிரெய்ன், அதாவது சுமார் 2.6 கிராம் ஈயம்.

உதைப்பு இல்லாததை ஏதோ குழந்தைகளுக்கான வசதி என்று நினைக்கிறார்கள். அப்படியில்லை. பெரிய துப்பாக்கியில் தொடங்குகிறவரின் உடம்பு, வெடிக்கப்போகிறது என்று தெரிந்ததுமே இறுகிவிடும். கண் சிமிட்டும், தோள் முன்னால் தள்ளும், குறி தப்பும். உதைப்பினாலா, தன் கைப்பிழையாலா என்று அவருக்கே தெரியாது. .22-இல் குண்டு விலகினால் காரணம் உங்கள் மூச்சாக இருக்கலாம், விரலாக இருக்கலாம், கன்னம் வைத்த இடமாக இருக்கலாம். காகிதத்தைப் பார்த்தாலே எது என்று பிடிபடத் தொடங்கும். ஒலிம்பிக்கில் 50 மீட்டர் ரைஃபிள் போட்டி இன்றும் இதே .22 தோட்டாவில்தான் நடக்கிறது. 2024 பாரிஸில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வாங்கியது அந்தப் போட்டியில்தான். அந்த இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர், கிட்டத்தட்ட ஒரு சட்டைப் பொத்தான். அது 50 மீட்டர் தள்ளி இருக்கிறது.

ஊரில் என்.சி.சி.யில் இருந்தவர்களுக்கு இந்தத் தோட்டா ஏற்கெனவே பழக்கம். தரையில் படுத்து, .22 டீலக்ஸ் ரைஃபிளின் போல்ட்டை இழுத்துத் தள்ளி, 25 கெஜத்தில் ஐந்து தோட்டா சுட்டுவிட்டு, க்ரூப்பிங் எவ்வளவு, அதாவது துளைகள் எவ்வளவு நெருக்கமாக விழுந்திருக்கின்றன என்று ஆவலோடு இலக்கை நோக்கி நடந்தவர்கள் நம்மில் நிறைய. அந்த ஆவல்தான் இந்தப் பொழுதுபோக்கின் உயிர், அது வயதானாலும் குறைவதில்லை.

ரூகர் 10/22

1964-இல் வந்தது. இன்றுவரை பல லட்சக்கணக்கில் விற்றுக்கொண்டே இருக்கிறது. தானியங்கி மறுநிரப்பு வகை: ஒருமுறை விசையை அழுத்தினால் ஒரு தோட்டா வெடிக்கும், போல்ட் தானே பின்னால் போய் வெற்றுக் கூட்டை வெளியே தள்ளி அடுத்ததை ஏற்றிக்கொள்ளும். வெடிக்கும் கணத்தில் போல்ட்டைப் பூட்டி வைக்க எதுவும் கிடையாது, அதன் எடையும் ஸ்பிரிங்கும்தான் பிடித்திருக்கின்றன. அவ்வளவு எளிமையானது என்பதால்தான் இத்தனை காலம் நம்பகமாக ஓடுகிறது. பத்துத் தோட்டா பிடிக்கும் சுழல் மேகசின் வெளியே துருத்தாமல், தோளில் வைத்துப் பிடிக்கும் கட்டையோடு கட்டையாக உள்ளே அமர்ந்துவிடும். எடை சுமார் 5 பவுண்டு. அடிப்படை மாடல் சுமார் 300 டாலருக்குப் பல கடைகளில் கிடைக்கும். குழல், விசை, கட்டை என்று எதை மாற்ற நினைத்தாலும் சந்தையில் பத்துக் கம்பெனி பாகம் இருக்கும்.

எனக்குள்ள குறை அதன் வேகத்தில் இருக்கிறது. புதிதாக வருகிறவர் முதல் குண்டு எங்கே போனது என்று பார்ப்பதற்குள் ஐந்தாவதையும் சுட்டிருப்பார். சிரிப்பும் சந்தோஷமுமாக இருக்கும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் தோட்டாப் பெட்டி காலியாகும் வேகத்துக்குக் கை பழகாது. தொழிற்சாலையிலிருந்து வரும் விசையும் கனமாக, கொஞ்சம் இழுவையாக இருக்கும். ரூகரே விற்கும் இலகுவான பிஎக்ஸ் விசையைப் போட்டால் ஆளே மாறியதுபோல இருக்கிறது, ஆனால் அது தனிச் செலவு. வழக்கமான மாடலில் பின்பக்கம் மூடியிருப்பதால் குழலை முன்வாய் வழியாகத்தான் துடைக்க வேண்டும். கம்பி உரசி முன்வாய் விளிம்பு தேய்ந்தால் குறியின் துல்லியம் போய்விடும்.

இரண்டு பேருக்கு நான் தயங்காமல் இதையே சொல்வேன். ஒருவர், தகரப் பலகைகளை வேகமாக அடிக்கும் போட்டிகளில் ஆசை உள்ளவர். இன்னொருவர், ப்ராஜெக்ட் ஆப்பிள்சீட் வகுப்புக்குப் போக நினைப்பவர். அமெரிக்கா முழுவதும் வார இறுதிகளில் நடக்கும் இரண்டு நாள் ரைஃபிள் பயிற்சி அது. 25 மீட்டரில் வைத்த சிறிய இலக்குகளை 100 முதல் 400 கெஜம் வரையிலான தூரமாகக் கருதிச் சுட வேண்டும். நின்று, உட்கார்ந்து, படுத்து, தோள்வாரை இறுக்கிப் பிடித்து, நேரக் கணக்குக்குள் மேகசின் மாற்றிச் சுடச் சொல்வார்கள். தேர்வில் 250-க்கு 210 எடுத்தால் ‘ரைஃபிள்மேன்’ பட்டை தருவார்கள். அந்த வேகத்துக்கு 10/22 பொருத்தமான துணை. எந்தத் துப்பாக்கி வாங்கினாலும் இந்த வகுப்புக்கு ஒருமுறை போய்வாருங்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

ஹென்றி லீவர்

மனசுக்குப் பிடித்தது எது என்று மட்டும் கேட்டால் ஹென்றி எச்001-ஐச் சொல்லிவிடுவேன். பித்தளை உள்குழாயைத் திருகி மேலே இழுத்து, வெளிக்குழாயில் தோட்டா வடிவத்திலேயே வெட்டிய துளை வழியாக ஒவ்வொன்றாகப் போடுகிறோம். ‘டிக் டிக்’ என்று ஒன்றன் மேல் ஒன்று விழும். லாங் ரைஃபிள் என்றால் பதினைந்து பிடிக்கும், அதைவிடக் குட்டையான .22 ஷார்ட் என்றால் இருபத்தொன்று. உள்குழாயைத் திரும்ப அழுத்திப் பூட்டிவிட்டு லீவரைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் எண்ணெய் விட்டதுபோல வழுக்கிக்கொண்டு போகும். இந்த விலையில் இவ்வளவு மென்மையான இயக்கத்தை வேறெதிலும் நான் கண்டதில்லை. விலை 400 டாலரை ஒட்டி இருக்கும்.

வீட்டுக்கு வரும் விருந்தாளிகளை, துப்பாக்கி என்றாலே பயப்படுகிற உறவினர்களை ரேஞ்சுக்குக் கூட்டிப்போனால் அவர்கள் கையில் இதைத்தான் கொடுப்பேன். தொங்கும் இரும்புத் தட்டு ஒன்றை வைத்துவிட்டால் போதும். நூறு கெஜத்தில் சுட்டால் குண்டு போய்ச்சேரக் கால் நொடிக்கு மேல் ஆகும், ‘டங்’ என்ற ஓசை திரும்பிவர இன்னொரு கால் நொடி. அந்த அரை நொடியில் சுட்டவர் முகத்தைப் பார்க்க வேண்டும்.

ஆனாலும் இதை முதல் துப்பாக்கியாகச் சொல்லமாட்டேன். குழாயை நிரப்ப நேரம் பிடிக்கும். ரேஞ்சில் ‘சுடுவதை நிறுத்து’ என்று கட்டளை வந்தால் மேகசினைக் கழற்றி வைப்பதுபோல ஒரு கணத்தில் காலிசெய்ய முடியாது. பாதித் தோட்டா குழாயில் இருக்கிறதா என்று புதியவர் ஒவ்வொரு முறையும் சந்தேகத்தோடு பார்க்க வேண்டியிருக்கும். துல்லியமும் போதுமானதுதான், அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது.

சி.இசட். 457

என் ஓட்டு இதற்கு. செக் நாட்டின் உஹெர்ஸ்கி பிராட் நகரத் தொழிற்சாலையில் செய்வது. 452, 455 என்ற முன்னோர்களின் வரிசையில் வந்த போல்ட் ரைஃபிள். போல்ட் கைப்பிடியை 60 பாகை தூக்கினால் போதும், ஸ்கோப்பில் கை இடிக்காது. விசையின் கனத்தை நாமே கூட்டிக் குறைக்கலாம். ஐந்து தோட்டா மேகசின். மாடலைப் பொறுத்து 500 டாலரிலிருந்து மேலே போகும். கையைக் கடிக்கிறது என்றால் சாவேஜ் மார்க் II இருக்கிறது. அதன் அக்யூட்ரிக்கர் விசையையும் நாமே சரிசெய்துகொள்ளலாம், விலை 10/22-ஐ ஒட்டியே இருக்கும். கட்டையும் போல்ட் ஓட்டமும் கொஞ்சம் முரடு, குழல் நல்ல குழல்.

போல்ட் ரைஃபிளில் ஒவ்வொரு தோட்டாவுக்கும் நீங்கள் ஒரு வேலை செய்தாக வேண்டும். தூக்கி, இழுத்து, தள்ளி, இறக்கிவிட்டு, மறுபடி கன்னத்தைக் கட்டையில் அதே இடத்தில் வைக்க வேண்டும். இந்த இடைவெளியில்தான் மனசு அடங்குகிறது. மூச்சை விட்டு, அடுத்த மூச்சை இழுப்பதற்கு முன்னால் வரும் சின்ன ஓய்வில் குறி நிலைக்கிறது, விரல் விசையை மெல்லக் கூட்டிக்கொண்டே போகிறது, எந்தக் கணத்தில் வெடிக்கும் என்று தெரியாமலே வெடிக்கிறது. வெடித்தபின்னும் ஒரு நொடி அசையாமல் ஸ்கோப்புக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். உதைப்பு இல்லாததால் காகிதத்தில் துளை விழுவதை உங்கள் கண்ணாலேயே பார்க்கலாம். அது முந்தைய துளையோடு ஒட்டி விழுந்தால் வாரம் முழுக்க ஆபீஸில் பட்ட பாடு எங்கே போனது என்றே தெரியாது. வேலை, வீடு, கடன், ஊரிலிருந்து வரும் அழைப்பு எல்லாம் அந்த ஐந்து தோட்டா நேரத்துக்கு நம்மைவிட்டு ஒதுங்கி நிற்கும். எனக்கு இதற்கு ஈடாக வேறு ஓய்வு கிடைத்ததில்லை.

நடைமுறை வசதிகளும் உண்டு. போல்ட்டை வெளியே உருவிவிட்டால் குழல் காலி என்று யாரும் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். பின்பக்கமிருந்தே துடைக்கலாம். மெதுவான தோட்டாவாக இருந்தாலும் அடைத்துக்கொள்ளாது, ஏனென்றால் இயக்குவது உங்கள் கை. வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: பெரும்பாலான 457 மாடல்களில் ஸ்கோப்பைப் பொருத்த 11 மில்லிமீட்டர் டவ்டெயில் தடம்தான் இருக்கும், ஸ்கோப்பைப் பிடிக்கும் சாதாரண வீவர் வளையங்கள் அதில் உட்காராது. ஸ்கோப்பிலும் விஷயம் இருக்கிறது. பெரிய ரைஃபிளுக்கான ஸ்கோப்புகளில் பேரலாக்ஸை, அதாவது கண் நகர்ந்தாலும் குறி நகராமல் இருக்கும் தூரத்தை, 100 கெஜம் அல்லது அதற்கு மேல் அமைத்திருப்பார்கள். 50 கெஜத்தில் கண் சற்றே நகர்ந்தாலும் குறியும் நகரும். ரிம்ஃபயருக்கென்று 50 கெஜத்தில் அமைத்தது அல்லது பேரலாக்ஸை மாற்றக்கூடியது வாங்குங்கள்.

பிஸ்டல் ஆசை உள்ளவர்களுக்கு

சுருக்கமாகச் சொல்கிறேன். ரூகர் மார்க் IV நல்ல பிஸ்டல். ரூகர் கம்பெனி 1949-இல் விற்ற முதல் பொருளே இந்த வம்சத்தின் மூதாதைதான். பழைய மாடல்களைப் பிரித்தால் திரும்பப் பூட்டுவதற்குள் வியர்த்துவிடும். 2016-இல் வந்த மார்க் IV-இல் ஒரு பொத்தானை அழுத்தினால் கீல்போலத் திறந்துகொள்கிறது. போல்ட் உள்ளுக்குள்ளேயே ஓடுவதால் குறிமுனைகள் அசைவதில்லை, அதனால் துல்லியம் அருமை. ஆனால் பிஸ்டல் குட்டையானது. புதியவர் பேச்சுக்குத் திரும்பினாலே முனை பக்கத்தில் நிற்பவர் மேல் போய்விடும். ரைஃபிளில் கை பழகி, முனை எங்கே இருக்கிறது என்ற உணர்வு ஊறியபிறகு இரண்டாவதாக வாங்க வேண்டியது இது. கடையில் வாங்கக் கூட்டாட்சிச் சட்டப்படி வயது ரைஃபிளுக்கு 18, பிஸ்டலுக்கு 21. சில மாநிலங்களில் ரைஃபிளுக்கும் 21 கேட்பார்கள்.

தோட்டா

துப்பாக்கி வாங்குவதற்குச் செலவழிக்கும் யோசனையில் பாதியைத் தோட்டாவுக்குக் கொடுங்கள். இரண்டு ரைஃபிள் ஒரே நாளில் ஒரே இயந்திரத்தில் செய்ததாக இருந்தாலும் ஒன்றுக்குப் பிடித்த தோட்டா இன்னொன்றுக்குப் பிடிக்காது. இதில் விலையும் முழு வழிகாட்டி ஆகாது. எலே, லப்புவா கம்பெனித் தோட்டாக்கள் பொதுவாக நன்றாகச் சுடும், ஆனால் உங்கள் குழல் விலை குறைந்த சிசிஐ ஸ்டாண்டர்ட் வெலாசிட்டியோடு ஒத்துப்போனால் உங்கள் அதிர்ஷ்டம், பணம் மிச்சம்.

ஐந்தாறு வகையில் 50 தோட்டாப் பெட்டி ஒவ்வொன்று வாங்குங்கள். முன்கட்டையை மணல்பையில் வைத்து, 50 கெஜத்தில், ஒவ்வொரு வகையிலும் ஐந்தைந்தாகச் சில க்ரூப் சுடுங்கள். வகை மாற்றும்போது முதல் சில தோட்டாக்களைக் கணக்கில் சேர்க்க வேண்டாம், குண்டில் பூசியிருக்கும் மெழுகில் பழையது போய்ப் புதியது குழலில் படிய வேண்டும். எது ஒட்டி விழுகிறதோ அதே லாட் எண்ணில் (ஒரே தொகுப்பில் தயாரித்ததற்கான எண்) 500 தோட்டா சேர்த்து வாங்கி வையுங்கள். 2013-க்குப் பிறகும் 2020-லும் கடை அலமாரிகளில் .22 காணாமல்போன காலங்கள் இருந்தன, கொஞ்சம் இருப்பு வைத்திருப்பது நல்லதுதான்.

வேகமான தோட்டா துல்லியமானது என்று பலரும் நினைக்கிறார்கள். .22-இல் அது தலைகீழ். நொடிக்கு 1070 அடி வேகத்தில் கிளம்பும் தோட்டா ஒலியின் வேகத்துக்குக் கீழேயே முழுத் தூரமும் போகிறது. 1235 அடி வேகத்தில் கிளம்புவது நடுவழியில் ஒலிவேகத்தைக் கடந்து இறங்கும்போது காற்றெதிர்ப்பில் நிறைய இழக்கிறது, பக்கக்காற்றில் மெதுவான தோட்டாவைவிட அதிகமாகவே விலகுகிறது. காகிதத்தில் க்ரூப் வேண்டுமென்றால் மெதுவானதைத் தேர்ந்தெடுங்கள். 10/22-க்கு மட்டும் வேகமானது தேவைப்படலாம், போல்ட்டைப் பின்னால் தள்ளும் பலம் மெதுவானதில் சில சமயம் போதாது. 50 கெஜத்துக்குக் குறி அமைத்த ரைஃபிளில் 100 கெஜத்தில் குண்டு ஆறேழு அங்குலம் கீழே விழும். அந்த இறக்கத்தையும் காற்றையும் கணித்துச் சுடக் கற்பது தனிச் சுகம். ஒரு குச்சியில் நாடாத் துண்டு கட்டி நட்டால் காற்று கண்ணுக்குத் தெரியும்.

வீட்டில் தோட்டா இல்லாமல் விசைப் பயிற்சி செய்ய ஒரு வழி உண்டு. குழலில் தோட்டா உட்காரும் அறை காலியாக இருக்கும்போது ஊசி அடித்தால் சில .22-களில் ஊசி குழல் விளிம்பில் மோதிப் பள்ளம் விழும். ஹார்டுவேர் கடையில் சுவரில் திருகாணி பதிக்கக் கிடைக்கும் 4-6 எண் மஞ்சள் பிளாஸ்டிக் ஆங்கர் .22 அறைக்குள் சரியாக உட்கார்ந்துகொள்ளும், அடியை அதுவே வாங்கிக்கொள்ளும். சில முறை அடித்தபின் அதைத் திருப்பி வைக்க வேண்டும். தோட்டா எல்லாம் வீட்டின் வேறு அறையில் இருக்க வேண்டும் என்பதில் மட்டும் சமரசம் வேண்டாம்.

ரேஞ்சில் தோட்டா வெடிக்கவில்லை என்றால் முனையை இலக்குப் பக்கமே வைத்து அரை நிமிடம் காத்திருங்கள், பிறகு வெளியே எடுங்கள். ரிம்ஃபயரில் இப்படி அவ்வப்போது நடக்கும். சின்னத் தோட்டாதானே என்ற அலட்சியமும் வேண்டாம், ஒன்றரை மைல் வரை போகும் என்று பெட்டியிலேயே எச்சரித்திருப்பார்கள். கண்ணாடியும் காதடைப்பும் கட்டாயம். குண்டு மூடாத ஈயம் என்பதால் சுடும் இடத்தில் எதுவும் தின்னாதீர்கள். முடித்ததும் குளிர்ந்த தண்ணீரில் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் இட்லிப் பொட்டலத்தைத் திறக்க வேண்டும், பிள்ளைகளை அழைத்துப்போனால் இதில் இன்னும் கண்டிப்பாக இருங்கள்.

கையில் 800 டாலர் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால் நான் பிரிப்பது இப்படி: சி.இசட். 457-இன் விலை குறைந்த மாடல் ஒன்று, அது கட்டுப்படியாகாவிட்டால் சாவேஜ். மீதியில் ரிம்ஃபயர் ஸ்கோப், தோள்வார், நான்கைந்து வகைத் தோட்டா. ஒரு வருடம் இதையே சுட்டுப் பழகிவிட்டு, அப்போதும் வேகத்தின் மேல் ஆசை இருந்தால் 10/22, விருந்தாளிகள் அதிகம் வந்தால் ஹென்றி. கடையில் பணம் கட்டுவதற்கு முன், காலி துப்பாக்கியைத் தோளில் வைத்து, கண்ணை மூடி, கன்னத்தைக் கட்டையில் பதித்து, பிறகு கண்ணைத் திறந்து பாருங்கள். கழுத்தை நீட்டாமல் குறி நேராகத் தெரிந்தால் அந்தக் கட்டை உங்கள் அளவு. தெரியவில்லை என்றால் அதே மாடலில் வேறு கட்டை உள்ளதைக் கேளுங்கள்.